அறுநூற்றைம்பது வாட்

நாள் 212. காலை 6.20

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். எழுத்தில் இல்லை, வாயால். எனக்கு வலது முழங்கால் இழுத்தால் சூரியப் புயல் நிச்சயம். போன வாரம் இழுத்தது. பூமியில் இருக்கிற படித்தவர்களிடம் சொன்னேன், சிரித்தார்கள். நேற்று மாலை புயல் வந்தது, நிலையத்தின் ஒரே கம்ப்யூட்டர் புகையாகிப் போனது. பூமியோடு பேசும் கருவியும் அதோடு சேர்ந்து எரிந்தது. ஆகவே இந்தக் குறிப்பை ஸ்டோர் நோட்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுகிறேன். கண்டெடுப்பவர்கள் கையெழுத்தை மன்னிக்கவும்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் 310 லிட்டர். கீரைத் தட்டு மூன்றும் நலம்.

பெயர் இருளப்பன், வயது 57. நிலாவின் தென்துருவ நிலையத்தில் ஸ்டோர் கீப்பர். பேருக்குத்தான் ஸ்டோர், முழு நிலையமும் என் தலையில்தான் ஓடுகிறது. அதற்கு முன் மதுரையில் கம்ப்யூட்டர் கடை. நான் அசெம்பிள் செய்து கொடுத்த டெஸ்க்டாப்கள் மட்டும் பதினாலாயிரம். என் கடையில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. கஸ்டமர் எதைக் கேட்டாலும் 'இருக்கு, உக்காருங்க' என்று டீ சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகப் பக்கத்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்து கொடுத்துவிடுவேன். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் சாமான் மேஜையில் இருக்கும்.

ஆட்கள் இருவர். உள்ளே நான். வெளியே என் அண்ணன் மகள் மாரிச்செல்வி, 34 வயது, மண் ஆராய்ச்சிக்காரி. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருட்டுப் பள்ளத்தில் பனிக்கட்டி எடுக்க வண்டியோடு போயிருக்கிறாள். கடை மூடிய பிறகு என்னை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவள் அவள்தான். மனுவில் நான் பிளஸ் டூ என்று போட்டிருந்தேன். நான் ஒன்பதாவது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள்.

நாள் 212. காலை 7.50

வண்டியோடு பேசத் தனி ரேடியோ, அது புயலுக்குத் தப்பியது. அதற்கு ஒரே வழி எங்கள் சின்னச் செயற்கைக்கோள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் வரும். ஒன்பது நிமிடம் பேசலாம். 7.30க்கு வந்தது.

அவள் இறங்கிய சரிவு சரிந்துவிட்டது. போன தடம் மூடிக்கொண்டது. அவளுக்குக் காயம் இல்லை. வண்டியில் முப்பது மணி நேரக் காற்று. எங்களிடம் இருப்பதே ஒரு வண்டிதான், நான் போய் அழைத்துவர வழியில்லை. மாதக் கப்பல் வர ஒன்பது நாள் ஆகும்.

அவளுக்கு இரண்டு வழி. ஒன்று, கிழக்கே நாலு கிலோமீட்டர் நடந்து பழைய காப்பறைக்குப் போவது. அங்கே மூன்று வாரத்துக்குக் காற்று, சாப்பாடு. ஆனால் விண்வெளி உடுப்பின் மின்கலம் அந்தக் குளிரில் இறங்கிக்கொண்டே இருக்கும், கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். இன்னொன்று, வண்டியிலேயே இருப்பது. நான் ஸ்பேர் சாமானை வைத்துப் புதுக் கம்ப்யூட்டர் கட்டி, வண்டி அனுப்பிய சரிவு அளவுகளைப் போட்டு, ஏறி வர வேறு வழி கண்டுபிடித்துச் சொல்வது. கிராபிக்ஸ் கார்டு ஓடினால் மூன்று மணி நேரக் கணக்கு. கார்டு ஓட மின்சாரம் கொடுக்கும் பெட்டி பெரிதாக வேண்டும். கடையில் அதை எஸ்.எம்.பி.எஸ். என்போம்.

"சித்தப்பா, அறுநூத்தைம்பது வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கா? அத வச்சுத்தான் நான் நடக்குறதா வேணாமான்னு முடிவு பண்ணணும்."

இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். முந்நூறு வாட்டில்தான் இரண்டு இருக்கிறது, நீ நடந்துவிடு என்றேன். கேட்டால்தானே. பரவால்ல, இருக்குறத வச்சுப் பாருங்க என்றாள். எங்கள் அண்ணனின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது.

நாள் 212. காலை 10.40

பொருத்தம் பார்ப்பது கல்யாணத்தைவிடக் கஷ்டம், யாருக்கும் தெரியாது. ஸ்டோரில் மதர்போர்டு மூன்று. நல்ல பிராசஸர் ஒன்றுதான். அதன் அடியில் ஊசி கிடையாது, தட்டையான புள்ளிகள். ஊசி போர்டின் குழியில் இருக்க வேண்டும். முதல் போர்டு பழைய வகை, வெறும் ஓட்டை. தள்ளிவிட்டேன். இரண்டாவதில் குழி சரி, ஆனால் எவனோ நாலு ஊசியை வளைத்து வைத்திருக்கிறான். மூன்றாவது மகாராணி மாதிரி ஏற்றுக்கொண்டது.

நினைவகப் பட்டை, கடையில் ராம் என்போம், எட்டு. அதில் ஐந்துக்கு வெட்டு ஒரு அரிசி அகலம் தள்ளி இருக்கிறது. அழுத்தினால் உடையும், உட்காராது. மூன்று பொருந்தின. விசிறிக்கு அடியில் தடவும் பேஸ்ட் காய்ந்து கிடந்தது, சமாளித்தேன். எப்படி என்று கேட்க வேண்டாம், பூமியில் இதற்கே விருது கொடுப்பார்கள்.

கிராபிக்ஸ் கார்டின் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: 650 வாட்.

அலமாரியை மூன்று தடவை இறக்கி ஏற்றிவிட்டேன். முந்நூறு, முந்நூறு. வேறு இல்லை.

நாள் 212. மதியம் 1.30

மூளை என்று ஒன்று எனக்கு இருக்கிறதே. இரண்டு முந்நூறையும் சேர்த்துவிட்டேன். ஒன்று போர்டுக்கு, ஒன்று கார்டுக்கு. இரண்டாவதில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்தால் தானாக எழுந்துகொள்ளும். புதுப் பெட்டிக்குக் குங்குமம் வைக்காமல் நான் சுவிட்ச் போட்டதே இல்லை. குங்குமம் இல்லை. மிளகாய்ப் பொடியைக் குழைத்து வைத்தேன்.

ஒரே ஒரு பீப். ஒரு பீப் என்றால் எல்லாம் நலம். கணக்கு ஓட ஆரம்பித்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன், முழங்கால் வலியால்தான்.

நாள் 212. மாலை 4.40

2.30க்கு 34 சதவீதத்தில் கருகல் நாற்றம். கார்டுக்குக் கொடுத்த பெட்டி எரிந்தது, கார்டையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த 34 சதவீதமும் போனது.

3.30க்கு அவள் ரேடியோவில் வந்தாள்.

"என்ன சித்தப்பா, அறுநூத்தைம்பத மாட்டியாச்சா? பசிக்குது, வந்து உங்க உப்புமாவையாவது சாப்பிடுறேன்."

பாவம், அவளுக்கு மறதி. இல்லை என்று காலையிலேயே சொன்னேன் அல்லவா. குளிரில் அப்படித்தான் ஆகும். வேலை நடக்குதும்மா என்றேன். இனி நடந்து போக மின்கலம் போதாது, கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஏன் கேக்குறீங்க என்றாள். சும்மா என்றேன்.

இப்போது கார்டு இல்லாமல், மிஞ்சிய முந்நூறில், பிராசஸரை மட்டும் வைத்து முதலிலிருந்து ஓட்டுகிறேன். திரையில் காட்டுவது: மீதம் 21 மணி 30 நிமிடம்.

பேனாவால் கூட்டிப் பார்த்தேன். நாளை மதியம் 2.10. அவள் காற்று 1.30 வரை.

நாற்பது நிமிடம்தான். மெல்ல மூச்சு விட்டால் இழுக்கலாம். ஆனால் செயற்கைக்கோள் வருவது 3.30க்கு.

மறுபடி கூட்டினேன். அதேதான்.

நாள் 213. காலை 7.45

இரவுச் சுற்றில் அதிகம் பேசவில்லை. கார்டு போனதைச் சொன்னேன். தூங்கு, மூச்சை மெல்ல விடு என்றேன். சரி என்றாள்.

இன்று 7.30. 69 சதவீதம்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். பதினாலாயிரம் டெஸ்க்டாப்பைப் பற்றி, கலெக்டர் என் கடைக்கு நேரில் வந்ததைப் பற்றி. கலெக்டர் வந்த கதை அவளுக்கு மனப்பாடம். போன தடவை தாசில்தார்னு சொன்னீங்க என்றாள். சிரித்தாள், இருமினாள்.

"உங்க கடையில உக்காந்திருக்குற மாதிரியே இருக்கு சித்தப்பா. டீதான் வரல."

வரும்மா என்றேன்.

"பக்கத்துக் கடையில கிடைக்கலையா?"

விளையாட்டுக்குக் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கேலிக்காரி. பதில் சொல்வதற்குள் செயற்கைக்கோள் இறங்கிவிட்டது. ஒன்பது நிமிடம் முடியவில்லை என்று கடிகாரம் காட்டியது. கடிகாரம் தப்பு.

நாள் 213. மதியம் 1.30

97 சதவீதம்.

தண்ணீர் அளக்கவில்லை. கீரை பார்க்கவில்லை.

நாள் 213. மதியம் 2.10

வழி வந்துவிட்டது. சொன்ன நிமிடத்தில். வடக்கே இருநூறு மீட்டர், பாறைத் திட்டைச் சுற்றி, பிறகு வடமேற்கில் சுளுவான ஏற்றம். நல்ல வழி. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டி வரலாம். ஒவ்வொரு பாகமும் பொருந்தி ஓடுகிறது, ஒரு பீப் கூடக் குறை இல்லை.

நாள் 213. மாலை 3.45

வாசித்தேன். முழுதும், நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை. வடக்கே இருநூறு, பாறைத் திட்டு, வடமேற்கு. குறித்துக்கொண்டாயா என்று கேட்டேன்.

இரைச்சல்.

நாள் 213. இரவு 11.45

வாசித்தேன்.

நாள் 214. காலை 7.45

வாசித்தேன்

நாள் 214. நேரம் பார்க்கவில்லை

கண்டெடுப்பவர்களுக்கு.

பதினாலாயிரம் இல்லை, நானூறு இருக்கும். கலெக்டர் வரவில்லை. தாசில்தாரும் வரவில்லை. முழங்கால் எப்போதும்தான் வலிக்கிறது. அதெல்லாம் போகட்டும், யாருக்கும் நட்டமில்லை.

212, காலை 7.50 என்று போட்டு எழுதியதில் ஒன்று நான் கட்டியது. அவளுக்கு மறதி இல்லை. பிடிவாதமும் இல்லை. நட என்று நான் சொல்லவே இல்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது, முப்பது வருடப் பழக்கம், அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே பின்வாசலைத் திறந்தால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா.

"இருக்கும்மா, எடுத்து வச்சுட்டேன்" என்றேன்.

"அப்ப சரி சித்தப்பா. நான் நடக்கல, வண்டியிலயே இருக்கேன்" என்றாள்.