இஞ்சித் தேத்தண்ணி குடித்த மாமிக்கு

மாமி,

இன்று காலை கிழங்கை வேகவைத்து இறக்கிவிட்டு, டீயில் தட்டிப் போட இஞ்சி தேடினேன். கூடையில் இல்லை. மிளகு மூட்டைக்குப் பின்னாலும் இல்லை. கடைசியில் பரண் மேல் உங்கள் பழைய பிஸ்கட் டின்னுக்குள் மூன்று துண்டு கிடைத்தது. நன்றாகக் காய்ந்து சுக்காகியிருந்தது. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஒளித்துவைத்த ஆள் இல்லை, ஒளித்துவைத்த பொருள் மட்டும் பத்திரமாக இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகையும் வந்தது, பொய் சொல்வானேன்.

இந்த வீட்டில் கிழங்கு வேகிற நாளெல்லாம் இஞ்சி காணாமல் போகும். கேட்டால், "நான் காணேல்லைப் பிள்ளை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். உங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்கும் இஞ்சியும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் சாவு நிச்சயம். எங்கள் கொல்லிமலையிலோ அதே கிழங்குக்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர், எங்கள் வீட்டில் இஞ்சி டீ இல்லாமல் அது தொண்டையில் இறங்காது. இந்த ஒரு விஷயத்தில் நாம் இருவரும் இத்தனை வருஷம் ஒருவரையொருவர் திருத்தப் பார்த்தோம். இரண்டு பேருமே தோற்றோம்.

முதல் நாளை நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பதினாறு வயது, பிளஸ் ஒன். உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம். ஷெல் விழுந்து மாமாவையும் மூத்த மகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே மகனோடு படகேறி வந்து, மலைக்குக் கீழே அகதி முகாமில் இருந்தீர்கள். அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்க முகாமிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள், அதில் ஏணி மேல் நின்ற பையன் ஒருவன் ஒல்லியாக, பேசாமல் இருந்தான் என்பது மட்டும் தெரியும். லீவு நாளில் வேலைக்கு வந்த உங்கள் மகன், பதினேழு வயதுச் சீலன்.

பள்ளிக்கூடத்தை ஒட்டியே எங்கள் வாழைக்காடு. பலா மரங்களும் உண்டு. குரங்கு வந்தால் அப்பா வெடி போட்டு விரட்டுவார். அன்று ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிருந்தேன். அப்பா வழக்கம்போல ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். ஏணி மேல் இருந்தவன் குதித்து, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். நீலப் பெயிண்ட் டப்பா கவிழ்ந்து முதுகெல்லாம் வழிந்தது. என் கூட்டாளிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெடி அடங்கிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து எழுந்து, யாரையும் பார்க்காமல் மறுபடி ஏணியில் ஏறினான்.

மறுநாளிலிருந்து நானே காட்டுக்குக் காவல் போனேன். "நீங்க மெளகுக் கொடியப் பாருங்கப்பா, கொரங்க நான் பாத்துக்கறேன்" என்று அப்பாவை அனுப்பிவிட்டு, ஒரு பழைய தகரத்தைக் குச்சியால் தட்டித் தட்டியே குரங்கு விரட்டினேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. நான்காம் நாள் சீலன் வேலியோரம் வந்து நின்றார்.

"வெடி ஏன் போடுறேல்லை இப்ப?"

"தீந்து போச்சு."

"பொய்."

"ஆமா, பொய்தான். அதுக்கென்ன இப்போ?"

அப்போதுதான் அவர் சிரித்தார். மாமி, உங்களிடம் வெட்கமில்லாமல் சொல்வேன், அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன்.

பெயிண்ட் வேலை முடிந்தது. சீலன் மலைக்கு வருவது முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார், பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம், அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடுவார். கடல் எப்படி இருக்கும் என்று அவர் சொல்வார். பனிக்காலத்தில் எங்கள் மலை எப்படிக் காணாமல் போகும் என்று நான் சொல்வேன். அவ்வளவுதான். அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார். "பெயிண்ட் அடிச்சு முடிச்சு ரெண்டு மாசமாச்சு. இந்தப் பையனுக்கு இன்னும் இங்க என்ன வேலை?" என்று என்னைக் கேட்டார். அன்றே முகாமுக்கும் ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

நீங்கள் சீலனைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தீர்கள், பிள்ளைகள் படிப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்று கேட்க. அப்பா முறைப்பாகத்தான் இருந்தார். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அம்மா ஆவி பறக்கக் கிழங்கை வைத்தாள். நீங்கள் ஆசையாகச் சாப்பிட்டீர்கள். பிறகு டீ வந்தது. வாய்க்குக் கொண்டுபோனவர், வாசம் பட்டதும் முகம் வெளுத்து, எட்டிச் சீலன் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டீர்கள். டீ அப்பா வேட்டியில் தெறித்தது.

"எங்க ஊட்ல குடிக்க ஆகாதுன்னா, எதுக்குங்க இத்தன வளைவு ஏறி வந்தீங்க?" என்றார் அப்பா.

சீலன் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். "அப்பிடியில்லை ஐயா. கிழங்கு திண்டிட்டு இதைக் குடிச்சால் செத்துப்போவம். அதுதான் அம்மா பயந்திட்டா."

சரிசெய்தாரா, இருந்ததையும் கெடுத்தாரா? அப்பா எழுந்துவிட்டார். "வெசம் வெச்சுக் குடுக்கறவங்களா நாங்க? எந்திரிச்சுப் போங்க மொதல்ல."

நீங்கள் போனபிறகு எனக்குத் தீர்ப்பு வந்தது. பள்ளிக்கூடம் வேண்டாம், தை பிறந்ததும் மாமன் மகனோடு கல்யாணம். படிப்பும் போச்சு, சீலனும் போச்சு. அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் மாமி, அந்த வாரம் உங்களை நான் திட்டாத திட்டு இல்லை. ஒரு வாய் டீயைக் குடித்துத் தொலைத்திருந்தால் என்ன, இந்த அம்மாவுக்கு அப்படி என்ன உயிர் மேல் ஆசை என்று திட்டினேன்.

எட்டாம் நாள் காலை, முதல் பஸ்ஸில், தனியாக வந்தீர்கள். எழுபது வளைவும் உங்களைப் புரட்டிப் போட்டிருந்தது. கையில் கசங்கிய எலுமிச்சம்பழம், கண்ணெல்லாம் சிவப்பு. அப்பா காட்டில் இருந்தார். வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னீர்கள். "தங்கச்சி, அண்டைக்குத் தந்ததையே இண்டைக்கும் தாங்கோ. கிழங்கும் தேத்தண்ணியும். இஞ்சி போட்டு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்படிக்குப் போய் இஞ்சி தட்டினேன். உங்கள் மேலிருந்த கோபம் தீரவில்லை, இரண்டு பங்காகத் தட்டிப் போட்டேன். இதை நீங்கள் இருந்தவரை நான் சொல்லவே இல்லை.

மூன்று துண்டு கிழங்கு சாப்பிட்டீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தீர்கள். சுவரில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

அம்மா பயந்துவிட்டாள். "என்னங்க்கா, ஒடம்புக்கு முடியலீங்களா?"

"இல்லை. பாத்துக்கொண்டிருக்கிறன்."

"என்னத்தைங்க?"

"வருதோ எண்டு."

அப்பா மண்வெட்டியோடு வந்தபோதும் அப்படியேதான் இருந்தீர்கள். அம்மா நடந்ததைச் சொன்னாள். அப்பா மண்வெட்டியைச் சாத்திவிட்டு உங்களுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, செத்துப்போவோம்னு நெனச்சுட்டேவா குடிச்சீங்க?"

"ஓம் அண்ணை."

"அப்பறம் எதுக்குங்க குடிச்சீங்க?"

"நீங்கள் நஞ்சு வைக்கிற ஆக்கள் எண்டு நான் நினைக்கேல்லை. அதைச் சொல்ல எனக்கு வேற வழி தெரியேல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தீர்கள். "இஞ்ச வந்த நாள் தொட்டு என்ர பெடியன் சிரிச்சதில்லை. உங்கட மகளைப் பற்றிக் கதைக்கேக்க சிரிக்கிறான். நீங்கள் அவனுக்குப் பொம்பிளை தர வேண்டாம். அந்தப் பிள்ளையின்ர படிப்பை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார். "எனக்கும் கெழங்கு வெய்யி. டீயும் ஊத்து கண்ணு" என்றார். உங்கள் எதிரிலேயே சாப்பிட்டுக் குடித்தார். "சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க. ஒண்ணும் ஆவாது. ஆனா, நீங்களே பாத்துட்டுப் போங்க" என்றார்.

மத்தியானம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. மூன்று மணிக்கு உங்களுக்கே ஆச்சரியம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டீர்கள். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு நீங்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் அப்பாவும். கடைசி பஸ்ஸுக்கு அவரே உங்களைக் கொண்டுபோய் விட்டார். நானும் கூடவே போனேன். பஸ் கிளம்பும்போது அவர் சொன்னதை இன்றைக்கும் சொல்லுவேன். "ரெண்டும் படிக்கட்டுங்க. படிச்சு முடிச்சுட்டு, அப்பவும் இதே நெனப்பு இருந்துச்சுன்னா, மறுபடி கெழங்கு வேகவெக்கலாங்க."

ஏழு வருஷம் கழித்து வேகவைத்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே உங்களை "அத்தை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன், "மாமி எண்டு கூப்பிடு" என்று திருத்திவிட்டீர்கள். முகாமில் அனுமதி வாங்கி எங்களோடு வந்து இருந்த வருஷங்களில் ராகி மாவில் புட்டு அவித்து, எங்கள் மிளகைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்து, எங்கள் அம்மாவையே உங்கள் சமையலுக்கு ஏங்க வைத்தீர்கள். நாம் சண்டை போடாமலா இருந்தோம்? போட்டோம். உங்கள் பேத்திக்கு என் பேச்சு வரவேண்டுமா, உங்கள் பேச்சு வரவேண்டுமா என்றுகூடப் போட்டோம். அவள் இரண்டையும் கலந்து, "ஓமுங்க மாமி" என்று உங்களையே கூப்பிட்டு நம் வாயை அடைத்தாள்.

ஒருநாள் கேட்டேன், அன்றைக்குக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகு ஏன் இஞ்சியை ஒளிக்கிறீர்கள் என்று. "அண்டைக்குக் கடவுள் பாத்தவர். ஒவ்வொரு நாளும் அவருக்கு இதுதான் வேலையோ?" என்றீர்கள்.

உங்கள் சாவு அமைதியான சாவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள், எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு முகாமில் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா வந்திருந்தார். பந்தி முடிந்து நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, நீங்கள் தனியாக மலையேறி வந்த அந்த எட்டாம் நாளைப் பற்றிச் சொன்னார்.

"விடிய எழும்பி வீடு முழுக்கக் கழுவினவா. நல்ல சீலை ஒண்டு உடுத்திக்கொண்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை என்னட்டத் தந்தவா. 'பின்னேரம் நான் வராட்டில், பெடியனை மலைக்குக் கூட்டிக்கொண்டு போ. அங்க ஒரு பிள்ளை இருக்கு. அவன் தனிச்சுப் போகமாட்டான்' எண்டு சொன்னவா."

கழுவின சட்டி என் கையிலேயே இருந்தது. நீங்கள் பயந்துகொண்டு குடித்தீர்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு வந்து குடித்திருக்கிறீர்கள். அழுது முகம் வீங்கி, உங்களைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்த ஒரு பதினாறு வயதுப் பெண்ணை நம்பி, உங்களுக்கு மிச்சமிருந்த ஒரே பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அவ்வளவு நம்பிக்கைக்கு நான் அப்போது என்ன செய்திருந்தேன்? தகரம் தட்டினேன், அவ்வளவுதான்.

சீலனிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன், நாளாகட்டும். இப்போது அவர் முற்றத்தில் மகளுக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவள் விழுந்து விழுந்து எழுகிறாள், இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கிறது.

அவர் தனித்துப் போகவில்லை, மாமி. போகவும் விடமாட்டேன்.