அளவு மீறியதாக வந்த செய்தி

மச்சான்,

நேற்று பரங்கிப்பேட்டைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். ஐஸ் பேக்டரியைக் கடக்கும்போது அமோனியா வாடை மூக்கில் ஏறியது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். உன் நினைவு வந்துவிட்டது.

செம்மங்குப்பத்து ரசாயனத் தொழிற்சாலையில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள நாம் இருவர்தான். நீ கடலூரிலிருந்து வருவாய், நான் சிதம்பரத்திலிருந்து. புதிதாகக் கேமராக்கள் மாட்டியபோது, வாயுக் கசிவைக் காட்டும் கருவிகள் இருந்த அதே நெட்வொர்க் ஸ்விட்சில் அவற்றையும் இணைக்கச் சொன்னார்கள். கேமராப் படங்கள் ஸ்விட்சை நிறைத்துவிட்டால் கருவிகள் காட்டும் அளவு கண்ட்ரோல் ரூமுக்கு வந்து சேராது என்றாய். படம் வெட்டுப்படும் என்று மேலாளர் கேமராக்களுக்கு வரம்பு வைக்கச் சம்மதிக்கவில்லை. ஸ்விட்சில் டேட்டா டிராஃபிக் அளவு மீறினால் நம் இருவர் செல்போனுக்கும் செய்தி வரும்படியாவது நீ அமைத்தாய்.

சாப்பிட உட்கார்ந்தால் செய்தி, பஸ் ஏறினால் செய்தி. சலித்துப்போய் நிறுத்திவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. சாதாரண நாட்களின் போக்கை வாரக்கணக்கில் பார்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தாய்.

ஒரு நாள் மதியம் செய்தி வந்ததும் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாய். எல்லாம் நார்மல், நம்பர் ஒரே மாதிரி நிற்கிறது என்றார் ஆபரேட்டர்.

"அசையாம நிக்குதுன்னா அது பழைய நம்பருண்ணே. மொதல்ல பம்பு ஷெட்டுல இருக்கிறவங்கள வெளிய வரச் சொல்லுங்க."

ஷெட்டில் இருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பம்பு பக்கம் அமோனியா கசிந்துகொண்டிருந்தது. அங்கே எப்போதும் ஏதாவது வாடை இருக்கும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசவுமில்லை. கேமராக்களுக்கு வரம்பு வைக்க அனுமதி மட்டும் வந்தது.

மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கேட்டாய்: "அலர்ட்ட நிறுத்திட்டாங்களா மச்சான்?"

இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய்.

உன் அடக்கப் பூசையின் நடுவிலும் என் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. மாதா கோயிலுக்கு வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தேன். உன் அக்கா மட்டும் பார்த்தார்.

இப்போது நான் ஒருவன்தான். அலுப்பாக இருக்கிறது மச்சான். பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு கேமராதான், தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் போன் செய்து, ஷெட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். அவர்கள் பெயர்களைச் சொல்லி முடித்த பிறகுதான் என்னால் உட்கார முடிகிறது.