ஒரே மருந்து, இரண்டு உடம்பு

ராத்தா,

இன்று காலை உப்புவெளியிலிருந்து வரும் பஸ்ஸில் யாரோ தோடம்பழம் உரித்தார்கள். மணம் மூக்கில் ஏறியதுமே உங்கள் நினைவு வந்துவிட்டது. கொழும்புக்குப் போகும் வான் வண்டியில் உங்களுக்குக் குமட்டும். ஹபரணை வருமுன்பே ஒரு பழத்தை உரித்து, பாதியை என் கையில் வைத்துவிட்டு, தோலை முகர்ந்துகொண்டே வருவீர்கள்.

எங்களைச் சேர்த்து வைத்தது நோய்தான். நீங்கள் கிண்ணியாவில் மா அரைக்கும் மில் நடத்தியவர். நான் லிங்கநகரிலிருந்து துறைமுகத்துக்குத் தட்டச்சு வேலைக்குப் போய்வந்தவள். கொழும்பு ஆஸ்பத்திரியில் மருந்தேற்றும் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகள். உங்களுக்கு நுரையீரலில் புற்றுநோய், எனக்குப் பெருங்குடலில். ஏறியதோ ஒரே மருந்து. அது நேராகப் புற்றைக் கொல்வதில்லை, உடம்பைக் காக்கும் செல்களான காவல் கலங்களைப் பிடித்து வைத்திருக்கும் பிரேக்கைத் தளர்த்தும், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா சொன்னா. "அப்ப சண்டை பிடிக்கிறது நாமதானா?" என்று கேட்டு, அதற்கே சந்தோஷப்பட்டீர்கள்.

முதலில் உங்கள் கட்டிதான் வேகமாகச் சுருங்கியது. மில்லைத் திரும்பத் திறந்தீர்கள். என்னுடையது மெல்ல மெல்லத்தான் கரைந்தது. பிறகு ஒரு ஸ்கேனில் உங்களுடையது மறுபடி வளர்ந்திருந்தது. நான் அழுதேன். நீங்கள் டாக்டரின் மேசைப்பக்கம் சாய்ந்து, "உள்ளுக்கு என்ன மாறினது? அதைப் பாக்க ஏலாதா?" என்று கேட்டீர்கள்.

பார்க்கலாம் என்றா. கட்டியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். அடுத்த முறை டாக்டர் ஆறுதலாக இருந்து விளக்கினா.

"ஒவ்வொரு கலமும் தனக்குள்ள என்ன இருக்கெண்டு சின்னத் துண்டுகளா வெளியில காட்டிக்கொண்டிருக்கும். காவல் கலங்கள் அதைப் பாத்துத்தான் ஆளை அடையாளம் பிடிக்கும். காட்டுற அந்த ஏற்பாடு பரம்பரையா வாறது. அம்மாவிட்டயிருந்து ஒரு பங்கு, அப்பாவிட்டயிருந்து ஒரு பங்கு. உங்கட புற்றுக்கலங்கள் அதில ஒரு பங்கைக் கைவிட்டிட்டுது. இப்ப காவல் பக்கத்தால போனாலும் அதுகளைத் தெரியாது."

"கைவிட்டது உம்மாட பங்கையா, வாப்பாட பங்கையா?"

"அதுக்கு அவையளையும் சோதிக்க வேணும்."

"வாப்பாடதாத்தான் இரிக்கும். அந்த மனிசன் சொல்லாமக் கொள்ளாம வெளிய போயிடுவார்," என்றீர்கள். டாக்டரும் சிரித்துவிட்டா. மரணச் செய்தி மாதிரி ஒன்றைக் கேட்ட அறையில் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு என் பக்கம் கை காட்டினீர்கள். "இவவுக்கு மட்டும் ஏன் மருந்து கேட்டது?"

கலங்கள் இரண்டாகப் பிரியும்போது பரம்பரை அலகுகளைப் பிரதி எடுக்கும் என்றா டாக்டர். அதில் வரும் பிழைகளைத் திருத்த ஓர் ஏற்பாடு உண்டு. எனக்கு அது பிறப்பிலேயே குறை. அதனால்தான் புற்று வந்தது. ஆனால் பிழைகள் மலிந்த கலங்கள் வித்தியாசமான துண்டுகளை நிறையக் காட்டுமாம். காவல் கலங்கள் இலேசில் கண்டுபிடித்துவிடுமாம். நோயைத் தந்த குறையே மருந்துக்கும் வழிவிட்டிருக்கிறது. நான் தலையாட்டினேன்.

நீங்கள் விடவில்லை. "பிறப்பில வந்ததெண்டா, இவட தங்கச்சிக்கும் இரிக்குமா?"

"இருக்கலாம். பாதிக்குப் பாதி. கட்டாயம் சோதிக்க வேணும்," என்றா டாக்டர்.

தோப்பூரிலிருக்கும் தங்கைக்கு அன்றே போன் எடுத்தேன். "எனக்கு ஒண்டுமில்லை அக்கா. சும்மா இருக்கிற உடம்பில ஏன் வருத்தத்தைத் தேடவேணும்?" என்று வைத்துவிட்டாள். எத்தனை முறை கதைத்தும் அதே பதில்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்தக் கடைசி மாதத்தில், உங்கள் வீட்டுக்காரரை ஓட்டோ எடுக்கச் சொல்லி, என்னையும் ஏற்றிக்கொண்டு நீங்கள் தோப்பூர் போனீர்கள். தங்கை தேத்தண்ணி கொண்டு வந்தாள். அதைத் தொடாமல், விட்டு விட்டுச் சொன்னீர்கள்: "என்ட உடம்புக்குள்ள நடந்ததை எனக்கு வடிவாச் சொன்னாங்க, தங்கச்சி. ஆனா அதுக்குப் பிறகு செய்ய ஒண்டும் இல்ல. உனக்கு முன்னுக்கே சொல்லப் போறாங்க. போய்க் கேளு."

அவள் ஓட்டோ வரை உங்களைக் கைபிடித்துக் கூட்டி வந்தாள்.

பிறகு அவள் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். அதன் முடிவு வந்தபோது நீங்கள் உயிரோடு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கும் அதே குறை இருக்கிறது, ராத்தா. குடலுக்குள் கமெரா விட்டுப் பார்த்தார்கள். சில சதை முளைகள், அதில் ஒன்று புற்றாக மாறத் தொடங்கியிருந்தது. அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது சுகமாக இருக்கிறாள். இந்தப் போகம் வயலிலும் இறங்கினாள்.

போன கிழமை டாக்டரிடம் போனேன். என்னைப் போலவே பிறப்புக் குறை உள்ள சிலருக்கும் இந்த மருந்து கேட்பதில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னா. முன்பென்றால் தலையாட்டிவிட்டு வெளியே வந்திருப்பேன். கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அது ஏன் டாக்டர்?"

"இன்னும் முழுசாத் தெரியாது," என்றா.

"தெரிஞ்ச மட்டும் சொல்லுங்கோ," என்றேன்.