கோட்டையைப் பிடித்த பிறகு வரும் அரைமணி நேரம்

இன்று மதியம் டிவிடி பிளேயரின் பிளக்கைச் செருகினேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு நான் அதைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே படிந்திருந்த தூசி சூடேறி ஒரு வாசம் வந்தது. நம் வீட்டுச் சனிக்கிழமை வாசம். என்னை அறியாமல் திரும்பி, காப்பி வைக்கட்டுங்களா என்று உங்களைக் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதைப் பார்க்கவும் வீட்டில் ஆள் இல்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இன்று பிளேயரைப் போட்டேன். நம் முப்பத்துச் சொச்சம் வருட வாழ்க்கையில் என் படம் ஒன்றைக்கூட நீங்கள் கடைசிவரை பார்க்க விட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை உங்கள் கோல்ஃப், மறு சனிக்கிழமை என் புரட்சிப் படம் என்று முறை வைத்ததே நீங்கள்தான். பம்பு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தபோது ஏதோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடும் மோட்டாரை மாட்டப் போனீர்கள். அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த ஆட்டத்தை எனக்கு விளக்கினீர்கள். எனக்குப் பாதி புரியவில்லை, உங்களுக்கும் பாதிதான் புரிந்திருந்தது. கடைசிவரை ஒரு மட்டையைக் கையில் பிடித்ததில்லை. ஆனாலும் பெங்களூரில் வேலை பார்க்கும் நம் மகள் பழைய டிவிடி விற்கும் கடைகளில் தேடித்தேடி, எங்கெங்கோ நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டங்களை உங்களுக்கு வாங்கி வருவாள். அதே கடையில் எனக்குப் புரட்சிப் படங்கள் கிடைக்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்குவாள்.

ஆட்டக்காரர் குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தட்டக் குனிந்துவிட்டால் நம் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. ஃபேனை நிறுத்துவீர்கள். குக்கர் விசில் அடிக்கப் பார்க்கும், ஓடிப்போய் அடுப்பை அணைப்பீர்கள். எத்தனை சனிக்கிழமை வேகாத பருப்பைச் சாப்பிட்டிருக்கிறோம்!

“ஏனுங்க, இந்த ஆட்டம் முடிஞ்சு எத்தனையோ வருசமாச்சு. நம்மூட்டுக் குக்கர் சத்தம் அவருக்கு எங்கீங்க கேக்கப்போவுது?” என்று கேட்டேன்.

“அவருக்குக் கேக்காது அம்மணி. நமக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?” என்றீர்கள். அதற்கு மேல் உங்களோடு மல்லுக்கு நிற்க முடியுமா?

பந்து விழுந்த பிறகும் விடமாட்டீர்கள். ஜெயித்தவர் தொப்பியைக் கழற்றி, தோற்றவரின் கையைப் பிடித்துக் குலுக்கும் வரைக்கும் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். “தோத்தவன் கையப் புடிச்சுப்போட்டுத்தான் கோப்பையத் தொடறான், பாத்தியா?” என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வீர்கள்.

என் படங்களில் நீங்கள் வேறு ஆள். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அது போய்விடும். அதனால் நீங்கள் படித்துப் படித்து எனக்குத் தமிழில் சொல்வீர்கள். உங்கள் வாயில் விழுந்த புரட்சிக்காரர்கள் எல்லோரும் நம் பக்கத்துக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அரண்மனை வாசலில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்பவன், “ஏனுங்க ராசா, கொஞ்சம் எறங்கிக்குங்க. சனம் காத்துக்கிட்டு நிக்குதுங்க” என்பான். அந்த ராஜாவும் மீசையை முறுக்கிக்கொண்டே, “இதா வாரனுங்க” என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும்.

என் அப்பா மில்லில் சங்கத் தலைவராக இருந்தவர். படத்தில் கூட்டத்துக்கு முன்னால் யார் நடந்தாலும் நான் அவரைத்தான் அதில் தேடுவேன். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும், சனங்கள் கோட்டைக்குள் நுழைந்து கொடியை ஏற்றியதும் ரிமோட்டை அமுக்கிவிடுவீர்கள். “செயிச்சாச்சல்ல அம்மணி, அப்பறம் என்ன இருக்குது? வா, சாப்புடலாம்.”

ஒரு முறை எனக்குப் பொறுக்கவில்லை. “உங்க குச்சியாட்டம் நாலு நாளும் ஒண்ணுவிடாமப் பாக்கோணும். எங்க சனத்துக்குக் கடைசி அரைமணி நேரம் கெடையாதுங்களா?” என்று கேட்டுவிட்டேன். நீங்கள் டிவிடியை வேட்டி நுனியால் துடைத்து உறைக்குள் போட்டீர்கள். என் அப்பாவின் பக்கம் உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா என்று அந்த வாரம் முழுக்க உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினேன், ஆனால் கோபம் மனதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

இன்று போட்டது நாம் கடைசியாகப் பார்த்த பனி பெய்யும் ஊர்ப் படம். ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி, எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு ஓடவிட்டேன். அதில் யாரும் ராஜாவை இறங்கிக்குங்க என்று கேட்கவில்லை. எல்லோரும் நாய் குரைப்பதுபோலப் பேசினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்தது, வெயில் சாயும்போதுதான் கோட்டையைப் பிடித்தார்கள். கொடி ஏறியது. ரிமோட் என் கையில் இருந்தது. ஓடட்டும் என்று விட்டேன்.

இரண்டு சிநேகிதர்கள் தோளோடு தோள் சேர்ந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள் அல்லவா? அதில் ஒருவன் மந்திரி ஆனான். ராஜாவிடம் காசு வாங்கியவன் என்று இன்னொருவன் மேல் பழி விழுந்தது. கூடவே ரொட்டியைப் பங்கிட்டுத் தின்றவர்கள் கையைத் தூக்கி அவனைக் கூட்டத்திலிருந்து நீக்கினார்கள். அவன் வீட்டுக்கு நடந்து வருகிறான். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறார்கள். வீட்டுக்குள் வந்து கம்பளிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்கிறான். படம் முடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறான்.

என் அப்பாவுக்கு நடந்ததும் அதுதானே. வேலைநிறுத்தம் ஜெயித்தது, மாலை போட்டார்கள். பிறகு முதலாளியிடம் விலை போய்விட்டார் என்று அந்தக் கைகளே அவரைச் சங்கத்திலிருந்து நீக்கின. அவர் சாகும்வரை எங்கள் வீட்டுப் படியை ஒரு தோழரும் மிதிக்கவில்லை. பாடையைத் தூக்கவே ஆள் சேரவில்லை. அன்று தோள் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை இந்தக் கதையை உங்களிடம் முழுதாகச் சொன்னேன். பிறகு நானும் பேசவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

மகளுக்கு ஃபோன் போட்டு, படம் பார்த்தேன் என்றேன். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“கடைசி வரைக்கும் பாத்துப்போட்டீங்களாம்மா?” என்றாள். “அப்பாவுக்கு எல்லாந் தெரியுங்கம்மா. நீங்க தையக்கடைக்கு வேலைக்குப் போனப்பறம் மத்தியானத்துல மொதல்ல அவரு தனியாப் போட்டுப் பாத்துருவாரு. எந்த எடத்துல நிறுத்தோணும்னு பாத்து வெச்சுக்குவாரு. லீவுக்கு வந்தப்ப நான் பாத்துட்டேன். ‘உங்கம்மா இதைப் பாக்க வேண்டாங் கண்ணு, உங்க தாத்தன் நெனப்பு வந்துரும்’னாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”

சரி கண்ணு, வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

உடனே மனசு உருகிப்போனேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் கோபம்தான் வந்தது. என் அப்பா கதை எனக்குப் புதிதா? நான் அவ்வளவு தாங்கமாட்டாதவளா? பெரிய மனுஷன் மாதிரி நீங்களாக ஏன் முடிவு எடுத்தீர்கள்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பார்த்திருப்பேன், அழுதிருப்பேன். அழுது முடித்ததும் வா, சாப்புடலாம் என்று நீங்கள் கூப்பிட்டிருப்பீர்கள். இன்றைக்கும் அழுதேன். கூப்பிடத்தான் ஆள் இல்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

அலமாரியில் என் படங்கள் ஒரு வரிசைக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீங்கள் பார்த்து நான் பார்க்காத ஒரு அரைமணி நேரம் இருக்கிறது. அதில் என்ன வரும் என்று இப்போது ஓரளவுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றுவிடாமல் பார்க்கப்போகிறேன். என் அப்பா திரும்பத் திரும்ப நீக்கப்படுவதை, கதவுகள் சாத்தப்படுவதை, இந்த வீட்டில் மத்தியான வேளைகளில் எனக்குப் பதிலாக நீங்கள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தில் நான் பக்கத்துத் தெருவில் யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் மேல் கோபமாக.