தோள் மாற்றாமல்

சேசு மரி சூசை துணை

ஊரிலிருந்து,
7 மார்ச் 2025

என் பாசமுள்ள செல்வி அக்காவுக்கு,

தம்பி ஜெரின் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. இந்தத் தவக்காலத்துக்கு இரண்டு ஒறுத்தல் எடுத்திருக்கிறேன். ஒன்று கைபேசி. ஈஸ்டர் வரை அது பீரோவில் தூங்கும். இன்னொன்று ஜிம். ஆமாம், நானேதான் சொல்கிறேன். பேகம்பூர் அஸ்பாக் மாஸ்டர் ஜிம்முக்குக் காய்ச்சலோடு போனவன்தான்.

காரணம் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று பாறைக்கோயிலுக்குச் சிலுவை தூக்க இந்த வருடம் என்னைச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா தூக்கிய அதே சிலுவை. அடிவாரத்தில் தோளில் வைத்தால் உச்சி வரை தோள் மாற்றக்கூடாது என்ற நம்மூர் வழக்கம் உனக்குத் தெரியும். அப்பா ஒரு வருடம்கூட மாற்றியதில்லை என்று இன்றும் டீக்கடையில் பேசுகிறார்கள்.

ஜிம் இல்லாமல் உடம்பு இறங்கிவிடுமே என்று கேட்பாய். விடுவேனா? கடையில் சிமெண்ட் மூட்டையை நானே இறக்குகிறேன். சாயங்காலம் மணல் சாக்கை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுகிறேன். வேப்பங்கிளையில் தொங்கி உடம்பைத் தூக்குகிறேன், கிளைதான் பாவம். பகலில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை, ராத்திரி ஒருவேளைக் கஞ்சி. நேற்று மூட்டை இறக்கும்போது லேசாகக் கண் இருட்டியது. விரதம் என்றால் அப்படித்தானே.

ஈஸ்டர் முடிந்து ஐரின் வீட்டிலிருந்து சம்பந்தம் பேச வருகிறார்கள். அம்மா அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பார்த்துவிட்டாள். நீ கண்டிப்பாக லீவு போட்டு வர வேண்டும்.

உன் செல்லத் தம்பி,
ஜெரின்


சென்னை,
12 மார்ச் 2025

அன்புத் தம்பி அப்புவுக்கு,

அக்காவின் ஆசீர். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது. இரண்டு முறை படித்துத்தான் புரிந்தது.

அம்மாவைப் போனில் பிடித்து உன்னைக் கூப்பிடச் சொன்னேன். "அவன் ஒறுத்தல்ல இருக்கான்டி. நீ வேற கெடுக்காத" என்று வைத்துவிட்டாள். அதனால் நானும் பேனாவைத் தேடி எடுத்தேன்.

ஜிம்மை விட்டதற்காக இப்படி உடம்பைப் போட்டு வதைக்க வேண்டாம். ஒரு மாதம் பாரம் தூக்காவிட்டால் பலம் எங்கும் ஓடிப்போய்விடாது. வேகமாக நட, கை கால்களை நீட்டி மடக்கு, முட்டை சாப்பிட முடியாவிட்டால் பயறாவது சாப்பிடு, நன்றாகத் தூங்கு. அது போதும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் மூட்டை இறக்கச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் விளையாடாமல் பதில் எழுது. கண் இருட்டியது எப்போது? தூக்கும்போதா, தூக்கி முடித்து நிற்கும்போதா? நெஞ்சு படபடத்ததா? நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து ஊரார் இதயத்தைத் திரையில் எக்கோ எடுத்துப் பார்ப்பவள் நான். எனக்கு இதெல்லாம் கேட்காமல் இருக்க முடியாது.

உன் அக்கா,
சகாயசெல்வி


17 மார்ச் 2025

என் டாக்டர் அக்காவுக்கு,

எக்கோ எடுக்கிறவளெல்லாம் டாக்டரா என்று நான் கேட்கப்போவதில்லை, கோபித்துக்கொள்வாய்.

கேட்டாய், சொல்கிறேன். தூக்கும்போது வருவதில்லை. இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கும்போதுதான். நெஞ்சு கொஞ்சம் குதிரை மாதிரி ஓடும், பிறகு அடங்கிவிடும். அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "உங்கப்பனுக்கும் இப்படித்தான்டா. வேலை செஞ்சா கண்ணு இருட்டும். வரப்புல செத்த நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சிருவாரு. அவரு ரத்தம்ல உனக்கு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. முகம் அவர் மாதிரி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், இதாவது இருக்கிறதே.

மணல் சாக்கில் இன்னும் கொஞ்சம் மணல் சேர்த்திருக்கிறேன்.

ஜெரின்


சென்னை,
24 மார்ச் 2025

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வரப்பில் உட்கார்ந்த விஷயத்தை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை.

அப்பா போன அன்று நீ சின்னப் பையன். நான் கிணற்று மேட்டில்தான் நின்றேன். மோட்டாரைத் தோளில் வைத்துப் படியேறி வந்தார். இறக்கி வைத்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே சாய்ந்தார். வெயில் அடித்துவிட்டது என்றார்கள், நானும் இத்தனை வருடம் அதையே நம்பினேன். மார்கழியில் என்ன வெயில் அப்பு?

உன் கடிதம் வந்த மறுநாள் வேலை முடிந்ததும், தினம் மற்றவர்களைப் படுக்க வைக்கிற கட்டிலில் நான் படுத்தேன். கூட வேலை பார்க்கும் ருக்ஸார்தான் எடுத்தாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், திரையைப் பார்த்ததும் ஒரே இடத்தையே மறுபடி மறுபடி அளந்தாள். நானே தலையைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்தவருக்கு என்றால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். எனக்கு என்றதும் புரிய நேரமாயிற்று.

இதயத்தின் நடுச்சுவர் தடித்திருக்கிறது. இது பரம்பரையில் வருவது என்று டாக்டர் சொன்னார். கூடப் பிறந்தவனுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருந்து உண்டு, பார்த்து நடந்தால் நெடுநாள் வாழலாம். பாரம் தூக்கக்கூடாது, உடம்பில் தண்ணீர் வற்றக்கூடாது. நீ இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறாய்.

ஜிம்மை விட்டது நல்லதாகப் போயிற்று. வீட்டில் செய்வதையும் விட்டுவிடு. திண்டுக்கல்லிலேயே எக்கோ எடுக்கலாம், அரை மணி நேர வேலை. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


29 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

உனக்கு இப்படி என்று படித்ததும் கடைக்குப் பின்னால் போய் அழுதேன். மருந்தைத் தவறாமல் சாப்பிடு. தனியாக இருக்காதே, அந்த ருக்ஸாரைக் கூட வந்து தங்கச் சொல்.

ஆனால் உன் பயத்தை என் தலையில் கட்டாதே. நான் நல்லாயிருக்கிறேன். ஈஸ்டர் முடியட்டும், நீ சொல்லும் இடத்தில் வந்து படுக்கிறேன். அதுவரை அம்மாவிடம் வாயைத் திறக்காதே. ஐரின் வீட்டுக் காதில் விழுந்தால் அவ்வளவுதான். நெஞ்சுவலிக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஞாயிறன்று கூட்டாளி ஸ்டீபன்ராஜோடு பாறைக்குப் போய் ஒத்திகை பார்த்தேன். முக்கால் தூரம் வந்தது நினைவிருக்கிறது. பிறகு பார்த்தால் மல்லாந்து கிடக்கிறேன், இவன் என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஐந்து காய மந்திரம் சொல்கிறான். "ஏலே, நோன்ப கொஞ்சம் கொறைடா" என்றான். ஊருக்குள் அதற்குள் பரவிவிட்டது. கிழவிகள் என் கையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். சிரிப்பாக இருக்கிறது.

ஜெரின்


சென்னை,
5 ஏப்ரல் 2025

ஜெரினுக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று அஸ்பாக் மாஸ்டரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். தவக்காலம் முடிந்து நீ வந்தால் பாரம் தூக்க விடாதீர்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க தம்பி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்மா. பெஞ்ச விட்டு எந்திரிச்சவன் அப்படியே சாஞ்சுட்டான். செத்த நேரம் மூச்சே தெரியல, எனக்கு உசுரே இல்ல. டாக்டர்ட்ட காமிச்சு சீட்டு வாங்கிட்டு வா, அம்புட்டு நாளும் உள்ள வராதேன்னேன். அல்லாவுக்குப் பதில் சொல்லணும்ல நான்."

இது விபூதிப் புதனுக்கு முந்தின வாரம். அப்போது விரதமும் இல்லை, கஞ்சியும் இல்லை. நீ ஜிம்மை விடவில்லை அப்பு, உன்னை வெளியே நிறுத்தியிருக்கிறார். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

குருத்து ஞாயிறுக்குள் எக்கோ எடுத்து எனக்குச் சொல். இல்லையென்றால் பங்குச் சாமியாரிடம் நான் பேசுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

சகாயசெல்வி


10 ஏப்ரல் 2025

அக்கா,

சரி, பொய்தான் சொன்னேன். ஒறுத்தல் என்றேன், ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. கறியை விட்டவனை ஏன் விட்டாய் என்று கேட்கிற ஊரா இது? அம்மா என்னை நினைத்துப் பூரித்துப் போயிருக்கிறாள்.

அஸ்பாக் மாஸ்டர் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிய அன்று எவ்வளவு கூசிப்போனேன் தெரியுமா? அந்த ஜிம்மில் எனக்கு மேல் தூக்க ஆளில்லை. என்னிடம் வேறென்ன இருக்கிறது? படிப்பு உன்னோடு போயிற்று. எனக்குத் தோள் ஒன்றுதான். ஒரே ஒரு நாள் அக்கா, ஒரே ஒரு பாறை. அப்பா ஏறியதை நான் ஏறிவிட்டு இறங்கிவிடுகிறேன். பிறகு நீ சொல்கிறபடி மாத்திரை தின்றுகொண்டு மூலையில் கிடக்கிறேன்.

சாமியாரிடம் சொல்லாதே. சொன்னால் எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை. கோபத்தில் எழுதவில்லை, நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஜெரின்


சென்னை,
14 ஏப்ரல் 2025

என் தம்பிக்கு,

இது உன் கைக்கு வருமுன் உனக்குச் செய்தி வந்திருக்கும். நேற்றுப் பூசை முடிந்ததும் சாமியாரிடம் போனில் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். "நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல இப்படி நெருப்ப வெக்கிறியே" என்றாள். ஐரின் வீட்டை நினைக்காமல் இல்லை. நினைத்துத்தான் சொன்னேன்.

அப்பா சாயும்போது நான் பத்தடி தூரத்தில் நின்றேன். அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. இன்று தெரிந்துகொண்டு நிற்க முடியாது அப்பு. நீ இல்லாமல் உன் அன்பு இருந்து எனக்கு என்ன லாபம்? நீ என்னை வெறுத்துக்கொண்டாவது உயிரோடு இரு.

லீவு கிடைத்துவிட்டது. பெரிய வியாழன் காலையில் வந்துவிடுவேன். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்காரவிடு.

அக்கா


2 மே 2025

சகாயசெல்வி அவர்களுக்கு,

நீங்கள் வந்த அன்று நான் கொல்லை வழியாகப் போனது வேண்டுமென்றுதான்.

பெரிய வெள்ளியன்று சிலுவையை ஸ்டீபன்ராஜ் தூக்கினான். பாதிப் பாறையில் தோள் மாற்றினான். அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். "நிக்காதப்பா, உக்காரு" என்று என் கையைத் தொட்டுக் கும்பிட்ட அதே கிழவி சொன்னாள். உட்கார்ந்தேன். வயதானவர்களெல்லாம் என்னைத் தாண்டி மேலே ஏறிப்போனார்கள். ஈஸ்டருக்கு மறுநாள் ஐரின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நல்ல மனிதர்கள், வருத்தப்பட்டுத்தான் சொன்னார்கள்.

நான் ஊரில் இல்லை. எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை, தபால் முத்திரையைப் பார்த்துத் தேட வேண்டாம், இதை வழியில் போகிற லாரிக்காரரிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொன்ன எக்கோவை எடுக்கவில்லை. எடுத்துத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மருந்தைச் சாப்பிடுங்கள்.

இங்கே ஒரு ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். யாருக்கும் என்னைத் தெரியாது. இத்தனை நாள் விட்டும் உடம்பு இறங்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டார்கள். மாஸ்டர் நல்ல மாதிரி. வீட்டைப் பற்றியெல்லாம் விசாரித்தார். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார் என்றேன். எப்படி என்று கேட்டார்.

பாம்பு கடித்து என்றேன். நாளைக் காலையிலிருந்து பாரம் தூக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ரா. ஜெரின்