இறங்கும்போது மட்டும் வரும் வலி

ஹாதோங்
9 அக்டோபர் 1994

குழந்தை மிரானுக்கு,

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பெர்சிமன் பழங்களைத் தோல் சீவிக் கூரை இறவாணத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். காய்ந்ததும் அனுப்புகிறேன்.

என் வலது முட்டி மாதக்கணக்கில் படுத்துகிறது. மருந்துக்கடை பிளாஸ்திரியை ஒட்டினால் நாற்றம்தான் மிச்சம். தேகு ஊராரின் முட்டியையெல்லாம் பிடித்துப் பார்த்துச் சோதிக்கிற மருமகளுக்கு மாமியாரின் முட்டி மட்டும் கண்ணில் படவில்லை! என் மகன் கியூதே மலைச்சரிவில் விழுந்து போனதோடு நீயும் இந்த வீட்டை மறந்துவிட்டாய். ஆனாலும் தினமும் மலைக்கோயிலுக்குப் போய் அவன் படத்துக்கு முன்னால் உனக்காகவும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

உன் அத்தை


தேகு
16 அக்டோபர் 1994

அன்புள்ள அத்தைக்கு,

மறக்கவில்லை. அந்த வீட்டுக்கு வர எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்கிறபடி செய்யுங்கள். கூடத்தின் உயரமான மரத்தரை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு உட்பக்கம், பிறகு வெளிப்பக்கம். எங்கே சுருக்கென்கிறது? அடுத்து வலது காலில் மட்டும் நின்று லேசாக மடக்குங்கள். அப்போது முட்டி நேராக நிற்கிறதா, உள்ளே சாய்கிறதா என்று பக்கத்து வீட்டுச் சுன்தோக் பெரியம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது வலியா, இறங்கும்போதா? கால் நகங்களையும் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மிரான்


ஹாதோங்
23 அக்டோபர் 1994

குழந்தை மிரானுக்கு,

நீ சொன்ன வித்தையெல்லாம் காட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சுன்தோக் சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. "ஏன்டி, கொக்கு மாதிரி நிக்கிறியே, விழுந்து தொலைச்சா யாரு தூக்குறது?" என்றாள். அப்புறம் குனிந்து பார்த்துவிட்டு, "அடியே, முட்டி உள்ளாற சாயுதுடி!" என்றாள். வலி வெளிப்பக்கம்தான். விரல் வைத்ததும் உயிர் போயிற்று. இரண்டு கால் கட்டைவிரல் நகங்களும் கறுத்துக் கிடக்கின்றன.

ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது மட்டும்தான். இறங்கும்போது எனக்குப் பின்னால் ஒருவர் வருகிறார். நான் நின்றால் அவரும் நிற்கிறார். நான் திரும்புவதில்லை. அவர் வந்து எட்டிப் பிடிக்கட்டும் என்று காலை ஊன்றி ஊன்றி மெதுவாக இறங்குகிறேன். முட்டி கெட்டது அதனால்தானோ என்னவோ. சுன்தோக்கிடம் இதைச் சொல்லவில்லை.

உன் அத்தை


தேகு
30 அக்டோபர் 1994

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இறக்கத்தில் தினமும் உழைத்துத் தேய்ந்த முட்டி அது. அது எனக்குப் புரிந்தது. ஆனால் உங்கள் ரப்பர் செருப்பு நகத்தைக் கறுக்க வைக்காது. அளவு மீறிய பூட்ஸுக்குள் பாதம் முன்னால் சறுக்கிச் சறுக்கி மோதினால்தான் நகம் இப்படிக் கறுக்கும். புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்த பையன்களிடம் பார்த்திருக்கிறேன்.

அத்தை, நீங்கள் போட்டுக்கொண்டு மலை ஏறுவது அவருடைய பூட்ஸ்தானே?

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில் அவர் உடைகளையெல்லாம் நெருப்பில் போட்டோம். அவருடைய கோட்டை நானே போட்டேன். பூட்ஸையும் போட்டாயிற்று என்று நீங்கள் சொன்னீர்கள், நம்பினேன். போகிறவரின் பொருள் ஒன்று மிஞ்சினாலும் அவர் வழியில் நின்றுவிடுவார் என்று பிக்கு சொன்னபோது நாம் இருவரும்தானே கேட்டுக்கொண்டிருந்தோம்?

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இங்கே காலையில் எழுந்தால் வாசலில் கழற்றிப்போட்ட என் செருப்புகள் இடம் மாறிக் கிடக்கின்றன. யாரோ குனிந்து தன்னுடையதைத் தேடிவிட்டுப் போன மாதிரி. தனியாக இருப்பதால் புத்தி பேதலிக்கிறது என்று நினைத்தேன். இப்போது பயமாக இருக்கிறது. அதைவிட அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவர் வெறுங்காலோடு அலைகிறார், அத்தை.

எரித்துவிடுங்கள். சில வாரம் மலை ஏறாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மிரான்


ஹாதோங்
11 டிசம்பர் 1994

மிரானுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப்போட நினைத்தேன். முட்டியைப் பார்க்கச் சொன்னால் வீட்டுக்குள் புகுந்து பார்க்கிறாயே! பூட்ஸைக் கொடுத்துவிட்டால் அவன் என் பின்னால் எதற்காக வருவான்? பெற்றவளுக்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று உனக்கு எழுதத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். வெறுங்காலோடு என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் குளிர் ஆகாது.

மறுநாளே பூட்ஸைக் கோயிலுக்குப் பின்னால் வைத்து எரித்தேன். தோல் எளிதில் பற்றவில்லை. பிக்கு எண்ணெய் ஊற்றினார். அதன் பிறகு நீ சொன்னபடி வீட்டிலேயே கிடந்தேன்.

நேற்று என் ரப்பர் செருப்போடு போய்வந்தேன். இறங்கும்போது முட்டியில் வலியே இல்லை. பாதி வழியில் நின்றேன். பின்னால் சத்தமில்லை. முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். "கியூதே, வாடா, மெதுவா வா, அம்மா நிக்கிறேன்" என்றேன். பாதையில் பனிதான் கிடந்தது, அதில் என் காலடி மட்டும்தான் இருந்தது.

நீ கெட்டிக்காரி, தூரத்தில் இருந்தே என்னைக் குணப்படுத்திவிட்டாய். பழங்களை அனுப்பியிருக்கிறேன், சாப்பிடு. எனக்கு எழுத வேண்டாம்.

கியூதேயின் அம்மா