இருபத்தாறா, இருபத்தொன்பதா

மச்சான்,

இன்று காலை பால்கனிக் கதவைத் திறந்ததும் வெயிலில் வெந்த ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. என் சைக்கிளின் பின் டயர் பக்கவாட்டில் பிளந்து, உள்ளே இருந்த ட்யூப் கொப்புளம் மாதிரி வெளியே பிதுங்கியிருந்தது. நீ போன பிறகு அந்தச் சைக்கிளை நான் தொடவே இல்லை. துணி காயப்போடும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று என் மனைவி அதை வெயில் படும் மூலைக்குத் தள்ளிவைத்திருந்தாள்.

அம்பத்தூரில் நாம் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்கு ஃபோன் செய்தேன். புதிதாக வந்திருக்கிற ஆள் எடுத்தார். மண்பாதையில் ஓட்டுகிற அளவுக்கு நல்ல டயர் இருபத்தாறு அங்குலத்தில் இப்போதெல்லாம் வரவழைப்பதில்லை, சாதா டயர்தான் கிடைக்கும், பேசாமல் பெரிய சக்கர வண்டிக்கு மாறிவிடுங்கள் என்றார். அதற்குப் பிறகு, "உங்க ஹைட் எவ்ளோ சார்?" என்று கேட்டார்.

சைக்கிள் விற்கிறவர் கேட்கவேண்டிய கேள்விதான். நான் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பால்கனியில் என்னைத் தவிர யாரும் இல்லை. அவருக்கு என் முகமும் தெரியாது. அப்படியும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு ஒரு கேள்வியில் இப்படி ஆகிறது என்பதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்?

நாம் பழகியது கம்பெனி பஸ்ஸில். நான் சொந்த ஊரான கம்பத்திலிருந்து வந்து முகப்பேரில் ஃப்ளாட் எடுத்திருந்த புதிது. நீ அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஆறடிக்கு மேல் இருந்த உனக்கு முழங்கால் இடிக்காமல் உட்கார கடைசி சீட்டின் நடுவிடம்தான் தோது. பக்கத்தில் நான், கால் தரையில் சரியாகப் பாவாமல். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கி நடப்பதைப் பார்த்து ஆபீஸில் யாரோ நமக்கு 'ஒன்றரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்று நீ, அரை நான். ஒன்றரை சாப்பிடப் போய்விட்டதா என்று கேட்பார்கள். நீ சிரிப்பாய். நானும் கூடச் சிரித்துவைப்பேன். வீட்டுக்கு வந்து, இவனோடு நடக்காமல் இருந்தால் இந்தப் பெயரே வந்திருக்காதே என்று நினைப்பேன். அப்படி நினைத்ததற்காக வெட்கப்படுவேன். குரூப் ஃபோட்டோ எடுக்கும்போதெல்லாம் நமக்கு நடுவில் வேறு யாரையாவது இழுத்து நிறுத்துவேன். நீ கவனித்திருப்பாய். ஒருநாளும் கேட்டதில்லை.

டாக்டர் உன் பிரஷரைப் பார்த்துப் பயமுறுத்திய பிறகுதான் சைக்கிள் வந்தது. தனியாக ஓட்டப் பிடிக்கவில்லை என்று என்னையும் வாங்கவைத்தாய். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கிளம்பி, அயனம்பாக்கம் ஏரிப் பக்கமாகப் போய், திருவேற்காட்டில் டீ குடித்துவிட்டு, திருமழிசைக்கு அந்தப்புறம் வயல்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் இறங்குவோம். கொஞ்ச நாளில் வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் ஒவ்வொருவராக இருபத்தொன்பது அங்குலச் சக்கரத்துக்கு மாறினார்கள். நீயும் மாறினாய். டிராக்டர் போன பள்ளங்களை அந்தப் பெரிய சக்கரங்கள் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். என் இருபத்தாறு ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்து வரும். கடைசியாக வருவது நான். எனக்காக நின்றுகொண்டிருப்பது நீ.

ஒருநாள் டீக்கடையில் வண்டிகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தோம். அதில் என் வண்டி மட்டும் சின்னதாகத் தெரிந்தது. புதிதாக வந்த ஒருவர், "இது உங்க பையனோட வண்டியா சார்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டேன். அன்றைக்கே நானும் மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். பள்ளம் தாண்டுவதற்காக என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பியது மாதிரி இருந்துவிட்டு, வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் ஓட்டிப்பார் என்றாய். குரூப்பில் ஒருவரிடம் இருந்த சின்ன ஃப்ரேம் இருபத்தொன்பதை நீயே கேட்டு வாங்கிக் கொடுத்தாய்.

அதில் ஏறியதும் கிடைத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ரோட்டில் போகிறவர்களை முதல்முறையாக மேலிருந்து பார்த்தேன். பள்ளங்களும் பெரிதாகத் தெரியவில்லை. நிறுத்தும்போதுதான் கஷ்டம். கால் விரல் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். கல்லோ நடைபாதையின் விளிம்போ இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் நிறுத்துவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க முன்னால் போன நீ, ஒவ்வொரு முறையும் எனக்குக் கால் ஊன்ற வசதியான இடமாகப் பார்த்தே நின்றிருக்கிறாய். தண்ணீர் குடிக்கணும் என்பாய், செயின் பார்க்கணும் என்பாய். இதெல்லாம் எனக்கு எவ்வளவு தாமதமாகப் புரிந்தது பார்.

அந்த வாரக் கடைசியில்தான் விழுந்தேன். திருமழிசையைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக ஒரு குறுகலான திருப்பம். மெதுவாகத் திருப்பும்போது என் ஷூவின் முனை முன்சக்கரத்தில் இடித்துவிட்டது. கால் ஊன்றப் பார்த்தேன், தரை எட்டவில்லை. வண்டியோடு வாய்க்காலுக்குள் போனேன். முன்னால் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். என்னைவிட வயதில் சின்னவளாகத்தான் இருப்பாள். ஹெல்மெட்டும் சேறுமாக இருந்த என்னைப் பார்த்து, "பாத்து வரக்கூடாதா தம்பி, எந்த ஸ்கூலு நீ?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

மற்றவர்களை நீ முன்னால் அனுப்பிவிட்டாய். என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினாய். நான் அதைத் தட்டிவிட்டேன். உனக்கென்ன தெரியும், கடவுள் உனக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார் என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, என் வண்டியின் செயினில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டே பேசினாய்.

"நான் சொல்றன் கேளு மாமே. ஸ்டெல்லாவ பொண்ணு பாக்கப் போனேன்ல, அன்னிக்கு வாசக்கால்ல தல இட்ச்சிகினு ரத்தம் வந்துச்சு. அவங்க ஊட்ல எல்லாரும் சிர்ச்சாங்கோ. அன்னிலேந்து எங்க போனாலும் குன்ஞ்சிகினேதான் போறேன். கதவே இல்லாத எடத்துலகூட."

நீ குனிந்து நடப்பது எனக்குத் தெரியும். அது அடக்கம் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் முதுகுவலி மாத்திரை சாப்பிடுகிறாய் என்றும் அன்றைக்குத்தான் சொன்னாய். பிறகு எழுந்து, ஈரக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டாய்.

"ரெண்டுக்கும் நடுவுல இருபத்தேழரன்னு ஒண்ணு கீது. அட்த்த மாசம் சம்பளம் வந்ததும் போயி ஓட்டிப் பாப்போம். வண்டி உனுக்கு சரியா இருந்தா போதும். பாக்கறவனுக்கு இன்னா?"

அடுத்த மாதம் நாம் கடைக்குப் போகவில்லை. ஒரு காலை ஸ்டெல்லா ஃபோன் செய்தாள். குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை அண்ணா என்றாள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்று மாலை உன்னை மாதா கோயிலுக்கு எடுத்துப் போகத் தயாரானபோது நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயில் பக்கம்தான் என்பதால் பெட்டியைத் தோளில் சுமந்து நடந்தே போவதென்று உன் தம்பி சொன்னான். சைக்கிள் நண்பர்கள் முன்னால் வந்தார்கள். நானும் போய் முன்பக்கத்தில் நின்றேன். தூக்கிப் பார்த்தபோது மற்றவர்கள் தோளில் பெட்டி உட்கார்ந்தது. என் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி இருந்தது. நான் கைகளை மேலே நீட்டித் தாங்கிக்கொண்டு நின்றேன். ஏற்பாடு செய்ய வந்திருந்த ஆள் என் தோளைத் தொட்டு, நீங்கள் வேண்டாம் சார், உங்கள் பக்கம் பெட்டி சாய்ந்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் விலகி, மாலைகள் குவித்திருந்த பக்கம் போய் நின்றேன்.

அந்த நேரத்தில் நான் உன்னை நினைத்து அழவில்லை மச்சான். யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ்காரர்கள் பார்த்தார்களா, ஒன்றரை என்று யாருக்காவது ஞாபகம் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தை மூடியாகிவிட்டது, நான் என் உயரத்தைப் பற்றி நினைத்துக்கொண்டு நிற்கிறேன். அதைவிடக் கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

காலையிலிருந்து யாரிடமும் பேசாமல் இருந்த ஸ்டெல்லா எழுந்து வந்தாள். எங்கிருந்து பார்த்தாளோ தெரியவில்லை. "தோள்ல வேணாம். எறக்கி கையில புடிங்க. அந்த அண்ணனும் தூக்கணும்" என்றாள்.

பெட்டியை இறக்கினார்கள். பக்கங்களில் இருந்த கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால், இடது பக்கத்தில் உன் தம்பி எனக்கு இடம் விட்டான். பெட்டி என் பக்கம் சாயாமல் இருக்க, உயரமானவர்கள் எல்லாரும் இடுப்பை வளைத்துத்தான் நடக்கவேண்டியிருந்தது. அந்தத் தெரு முழுக்க, கோயில் வாசல்வரை, அவர்கள் அப்படியே வந்தார்கள். மூச்சு வாங்கினார்கள். நடுவில் ஒரு தடவை கைமாற்றிக்கொண்டார்கள். தோளில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கை எரிந்தது. பாதி வழியில்தான் அழுகை வந்தது, அது உனக்கான அழுகையாகவும் இருந்தது.

இன்று மதியம் கடைக்காரருக்குத் திரும்ப ஃபோன் செய்தேன். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம் என்றேன். சிக்னல் சரியில்லாததால் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். உள்ளே சமையலறையில் மனைவி கேட்டிருப்பாள். அப்படியானால் இருபத்தொன்பது வேண்டாம், திருப்பத்தில் கால் இடிக்கும், இருபத்தேழரையில் சின்ன ஃப்ரேம் ஒன்று இருக்கிறது, வந்து ஓட்டிப் பாருங்கள் என்று அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தால் வாங்கிவிடுவேன்.

உயரத்தைச் சொன்னபோது காது சூடானது உண்மை. அது இனிப் போகாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்தத் தெருவில் எனக்கு வேறொரு வெட்கம் வந்தது. எனக்காக இத்தனை பேர் முதுகு வளைக்கிறார்களே, உன் மனைவி அந்த நிலையிலும் என்னைப் பார்த்தாளே என்ற வெட்கம். அது இன்னும் அப்படியே இருக்கிறது. மற்ற வெட்கங்களை யாராவது கேட்டால் இன்றைக்கே கொடுத்துவிடுவேன். இதை மட்டும் கொடுக்க மனம் வராது.